கல்யாண மேடையில் கிடார் எடுப்பதற்கு முன்

தினேஷ், இதை முழுதாகப் படி. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே “அப்பா, சிக்னல் விட்டு விட்டு வருது” என்கிறாய். கொழும்பில் இருக்கிற உனக்குச் சிக்னல் இல்லையாம், ருவான்வெல்லைக்கு மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவில் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிற எனக்கு மட்டும் நன்றாக வருகிறது. நம்பிவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் தங்கை இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. காலையிலிருந்து மேசையை விட்டு எழும்பாமல் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு உன் அம்மா, “என்னங்க, புள்ளைக்கு லெட்டர் எழுதுறீங்களா, இல்ல பொலிசுல என்ட்ரி போடுறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். என் முகம் அப்படித்தான் இருக்கிறது போல.

வருகிற மாதம் உனக்குக் கல்யாணம். பெல்மதுளையில் மண்டபம், பெண் வீட்டார் துணிக்கடைக்காரர்கள், நல்ல மனிதர்கள், எல்லாம் சந்தோஷம். தாலி கட்டி முடிந்த கையோடு உன் பேண்டுக்காரப் பையன்கள் மேடையேறுவார்களாம், நீ கிடாரை மாட்டிக்கொண்டு பாடுவாயாம், கல்யாணப் பெண் கௌரியும் உன் பக்கத்தில் நின்று பாடுவாளாம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: “மண்டபத்துல எர்த் ஒழுங்கா இருக்கான்னு பாத்தியா?” அதற்கு நீ என்ன சொன்னாய்? “கல்யாணத்தன்னைக்காவது பாடம் நடத்தாம இருங்கப்பா.” சொல்லிவிட்டுப் போனையும் வைத்துவிட்டாய். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அது போகட்டும். அப்பன் என்றால் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கோவில் திருவிழாவில் நடந்ததற்குப் பிறகும் நீ இப்படிப் பேசுகிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நடந்தது உனக்கு மறந்துவிட்டது என்றால் நான் சொல்கிறேன். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. மத்தியானம் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோவில் முற்றத்துச் சேற்றின் மேல் பலகை போட்டு உங்களுக்கு மேடை. அம்மன் முன்னால் என்பதால் நீ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாய். அது சரி, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். முதல் பாட்டு முடிவதற்குள் உன் மச்சான்மார்கள் அண்டாவைத் தூக்கி வந்து தலையோடு காலாக உன் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். நீ சிரித்துக்கொண்டே, கிடாரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அடுத்த பாட்டைத் தொடங்கினாய். உலகத்தில் வேறு எந்தக் கிடார்காரனுக்கும் இப்படி ஒரு கோலம் வாய்த்திருக்காது. பாட வாயைக் கொண்டுபோய் மைக்கில் வைத்தாய். நீலமாக ஒரு பொறி. நீ தலையை வெட்டிப் பின்னால் இரண்டடி துள்ளினாய். கீழே நின்ற பிள்ளைகள் அதை ஆட்டம் என்று நினைத்து விசில் அடித்தார்கள். நீயும் பல்லைக் காட்டினாய். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டபோது உதட்டைத் தடவிக்கொண்டே, “லேசா சுர்ருன்னுச்சுப்பா, அவ்வளவுதான். எல்லா மேடையிலயும் இப்படித்தான். மைக்குக்கு ஒரு பஞ்சு மாட்டிக்கிட்டா சரி” என்றாய்.

எல்லா மேடையிலும் இப்படித்தானாம்.  “லேசா” என்ற அந்தச் சொல்லை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பு, ரப்பர் ஃபேக்டரியில் நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த புதிதில், ரோலர் மெஷினில் சுமணபால என்று ஒருவர் வேலை செய்தார். ரோலர் ஓடுகிற இடத்தில் தரை எப்போதும் ஈரம்தான். ரப்பர் பாலும் தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினைத் தொடும்போது விரல் கூசுகிறது என்று அவர் தேநீர் நேரத்தில் என்னிடம் சொன்னார். பயந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு சொன்னார். “பொட்டக் ஹிரிவெட்டுனா விதரய் மல்லி.” கொஞ்சம் மரத்துப் போகிறது, அவ்வளவுதான் தம்பி என்று. நானும் சிரித்தேன். ரோலர் நிற்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வியாழக்கிழமை காலையில், பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு அவர் வெறுங்காலோடு மெஷினைத் தொட்டார். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்து அணைத்தேன். அவர் எழும்பவில்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் முழுதாகச் சொன்னதில்லை. லேசாக அடிக்கிற கரண்ட் என்று ஒன்று கிடையாதடா. காய்ந்த காலில் லேசாக அடிப்பதுதான் ஈரக் காலில் ஆளைக் கொல்கிறது. கரண்ட் அதேதான், நீ நிற்கிற நிலைதான் வேறு.

சரி, பாடம் நடத்துகிறேன் என்று சொல்கிறாய் அல்லவா, நடத்திவிடுகிறேன். கிடாரின் கம்பிகள் எல்லாம் வயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின், அதான் உன் ஆம்ப்பின், இரும்புப் பெட்டியோடு சேர்ந்தவை. ஆம்ப்புக்கு எர்த் இல்லாவிட்டால் உள்ளே கசிகிற கரண்ட் போக வழியில்லாமல் அந்தப் பெட்டியில் நிற்கும். பெட்டியில் நின்றால் கம்பியிலும் நிற்கும். காய்ந்த பலகையில் சப்பாத்தோடு நின்று வாசிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பான். மைக்கின் இரும்புத் தலை மிக்ஸர் வழியாக ஒழுங்காக எர்த் ஆகியிருக்கும். உன் கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வயர் நீதான். கைக்கும் வாய்க்கும் நடுவில் உடம்பில் என்ன இருக்கிறது? நெஞ்சுதானே. இதற்குப் போய்ப் பஞ்சு மாட்டுகிறானாம் பஞ்சு! நாலு பாட்டுப் பாடினால் எச்சிலில் நனைந்துவிடுகிற பஞ்சு உன்னைக் காப்பாற்றுமா? ஆம்ப்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டிலிருந்து எடுக்க வேண்டும். ஆம்ப்புக்கு ஒரு வீட்டிலிருந்தும் மைக்குக்கு இன்னொரு வீட்டிலிருந்தும் வயர் இழுக்கிற நம் தோட்டத்து வழக்கம் கூடவே கூடாது. பாடுவதற்கு முன்னால், மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. முள் அசைந்தால், பாட்டாவது கூத்தாவது, கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்க வேண்டும். மேடையில் எவனையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் அவனைத் தொட்டு இழுக்கக் கூடாது, சுவிட்சைத்தான் அடிக்க வேண்டும் என்று உன் பையன்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பார். ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. ஐந்து பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கிடப்பீர்கள்.

இவ்வளவு நேரம் உன்னைத் திட்டினேன். திட்டத் திட்ட எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய். திருவிழாவுக்கு மறுநாள் நீ அவசரமாகக் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டாய். ஆம்ப்பை நம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாய். நான் அதன் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை வயர், எர்த் வயர், ஆணியிலிருந்து கழற்றப்பட்டு, மடித்து, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அங்கேயே போனில் கூப்பிட்டுக் கிழித்திருப்பேன். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு அந்த டேப் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தேன். மூன்று சுற்று, கடைசி நுனியை உள்ளே மடித்துவிடுவது. அது என் கை வேலை. அதாவது, சுற்றியது நீ, சொல்லிக்கொடுத்தது நான்.

உனக்குப் பதினாறு வயதில் ஒரு பழைய ஆம்ப் வாங்கி வந்தாய். போட்டால் உர்ர் என்று இரைந்துகொண்டே இருக்கும். உன் அம்மா நாடகம் பார்க்க முடியவில்லை என்று சத்தம் போட்டாள், பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் ப்ளக்கைத் திறந்து அந்தப் பச்சை வயரைக் கழற்றி டேப் சுற்றினேன். இரைச்சல் டக்கென்று நின்றது. “எப்படிப்பா?” என்று நீ வாயைப் பிளந்து கேட்டாய். அதுவரை உனக்கு நான் கிரீஸ் வாசம் அடிக்கிற ஒரு ஃபேக்டரிக்காரன், அவ்வளவுதான். உன் பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, என் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு முதல்முறையாக என்னைப் பெரிய ஆளாகப் பார்த்தாய். எனக்கு அது பிடித்திருந்தது, தினேஷ். அவ்வளவு பிடித்திருந்ததால், சுமணபாலவின் மெஷினுக்குப் பிறகு எர்த் எர்த் என்று ஊரையே அலற வைத்த நான், என் மகனுடைய எர்த்தை என் கையாலேயே கழற்றிக் கொடுத்தேன். பிறகு நீ வாங்கிய ஒவ்வொரு ஆம்ப்பிலும் அதையே செய்திருக்கிறாய். “எங்கப்பா ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், அவரே சொல்லித் தந்தது” என்று மற்றப் பேண்டுக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். உன் டிரம்ஸ்காரப் பையன் திருவிழாவில் அதை என்னிடமே பெருமையாகச் சொன்னான். எத்தனை மேடையில் எத்தனை பேர் அப்படி நிற்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

இன்னும் முடியவில்லை. எர்த் இல்லாவிட்டாலும் ஆளைக் காப்பாற்ற இன்னொன்று உண்டு, ட்ரிப் சுவிட்ச். கரண்ட் வழி தவறி ஒரு மனிதன் உடம்பில் இறங்கினால் கண் இமைப்பதற்குள் விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். மஞ்சள் நீராட்டன்று நீ துள்ளினாயே, அப்போது ட்ரிப் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முந்தின திருவிழாவில், அம்மனுக்குத் தீபாராதனை காட்டுகிற நேரத்தில் மழை ஈரத்துக்கு ட்ரிப் விழுந்து கோவிலே இருண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதமே கோவில் கமிட்டித் தலைவர் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு முன்னால் தலைவர் என்னிடம் வந்து, “அண்ணே, ஆத்தாவுக்கு தீபம் காட்டயில லைட்டு போச்சுன்னா ஊரு வாய மூட முடியாதுண்ணே. ட்ரிப்பு வேணாம், நேரா குடுத்துருங்க” என்றார். கொடுத்தேன். இந்த முறையும் கொடுத்தேன். ஊரில் எனக்கு இருக்கிற மரியாதையே கோவிலுக்கு லைட் போடுகிற ஆள் என்பதுதான், அதை விட மனம் வரவில்லை. பொறி பறந்தபோது நான் போர்டுக்குப் பக்கத்தில் பலா மரத்தடியில்தான் நின்றேன். அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையை நீட்டிச் சுவிட்சை அடிக்க வேண்டியவன் அப்படியே நின்றுவிட்டேன். உன்னைக் காப்பாற்ற இரண்டே இரண்டு பொருள் இருந்தன. இரண்டையும் எடுத்தவன் நான். நீ பிழைத்தது உன் கெட்டிக்காரத்தனத்தாலும் இல்லை, என் தொழிலாலும் இல்லை. நீ பின்னால் துள்ளினாய், முன்னால் விழவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து உன் மேல் எரிந்து எரிந்து விழுகிறேன் என்றால் பாதிக் கோபம் என் மேல்தான். ஆனால் மீதிப் பாதி உன் மேல்தான், அதையும் மறந்துவிடாதே. இருபத்தெட்டு வயதில் உதட்டில் கரண்ட் அடித்தால் ஏன் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

கோவில் போர்டை அடுத்த வாரமே திரும்பவும் ட்ரிப்போடு கட்டிவிட்டேன். தலைவருக்குக் கோபம். “அப்ப நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்ணே” என்றார். “தாராளமா பாருங்க. வர்ற ஆளு கிட்ட எங்க புள்ளைங்க எங்க நின்னு ஆடுறாங்கன்னு காட்டிட்டு, அப்பறம் நேரா குடுக்கச் சொல்லுங்க” என்றேன். இப்போது எதிரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் ஆம்ப்புக்கு எர்த்தையும் மாட்டிவிட்டேன். இரையும். ஒரே போர்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தால் பெரும்பாலும் குறையும். அப்படியும் இரைந்தால் அதற்கென்று கடையில் பெட்டி இருக்கிறதாம், விசாரித்து வாங்கு, ப்ளக்கில் மட்டும் கை வைக்காதே. உன் பேண்டுக்காரர்களுக்கும், நீ சொல்லிக்கொடுத்த மற்றவர்களுக்கும், ஒருவர் விடாமல் போன் பண்ணி, அப்பா சொல்லித் தந்தது தப்பு என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல். வெட்கமாகத்தான் இருக்கும், எனக்குத்தானே.

போன செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி பெல்மதுளைக்குப் போய் மண்டபத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். எர்த் நன்றாக இருக்கிறது, ட்ரிப்பும் வேலை செய்கிறது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற பையன் நல்ல பையன், எனக்கு ஒரு பிளேன்டீ கூட ஊற்றிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, “ட்ரிப் எக வெட்டெனவா நம் அபி டிரெக்ட் கரலா தென்னங் அங்கள்” என்றான். ட்ரிப் விழுந்தால் நாங்கள் நேராகவே போட்டுத் தருகிறோம் மாமா, கவலைப்படாதீர்கள் என்று, உபசாரம் செய்கிற மாதிரி! பாதி பிளேன்டீயோடு கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நாடு முழுக்க எல்லோரும் ஒருவருக்கொருவர் இந்த உதவியைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வரும் வழியில் சம்பந்தி கடைக்குப் போய் கௌரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் பங்கையும் சேர்த்து. அவள் உன்னைப் போலச் சிக்னல் இல்லை என்று சொல்லவில்லை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு முன்னாலேயே, “மாமா, ரப்பர் அடி வெச்ச சப்பாத்து ஒரு சோடி நான் வாங்கி வெக்கிறேன். பட்டு வேட்டிக்கு சப்பாத்தான்னு சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். அவரு போடலைன்னா நான் மைக்கத் தொட மாட்டேன்” என்றாள். நீ பிழைத்துக்கொள்வாய் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

யோசித்துப் பார். பன்னீர் தெளித்து, கை கழுவி, கழுத்தில் ஈர மாலையோடு நீ கிடாரை எடுப்பாய். பாடும்போது கௌரி உன் தோளில் கை வைப்பாள், இன்னொரு கையில் மைக் இருக்கும். அப்போது அடித்தால் உன்னை மட்டும் அடிக்காது. உன் தலையெழுத்து, என் தலையெழுத்து என்று பேசிக்கொண்டிருக்கலாம், அந்தப் பிள்ளையை எதற்கு இதில் இழுப்பது?

அதனால் கேள். வாசலில் நின்று பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு ஆட்களை வரவேற்கிற வேலையை உன் பெரியப்பா பார்த்துக்கொள்வார், நான் பேசிவிட்டேன். நீங்கள் மேடையில் இருக்கிற வரைக்கும் நான் போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நடுப் பாட்டில் ட்ரிப் விழலாம். பெல்மதுளை மழையை நம்ப முடியாது, ஒரு சீரியல் பல்பு நனைந்தாலும் போதும். அந்த மண்டபத்துக்கு ஜன்னல் பெயருக்குத்தான், பகலிலேயே கும்மிருட்டாகிவிடும். தாலி கட்டின சூட்டோடு விளக்கு அணைந்ததே என்று சம்பந்தியம்மா கண் கலங்குவார்கள், அபசகுனம் என்று உன் அம்மாவே முதல் ஆளாகச் சொல்வாள், சீக்கிரம் போடுங்கள் என்று நூறு பேர் என்னைப் பார்த்துக் கத்துவார்கள். நான் போட மாட்டேன். இருட்டிலேயே நின்று முதலில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பிறகு கௌரியை. இரண்டு பேரும் “ஆங்” என்று சத்தமாகக் குரல் கொடுங்கள். அது வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பேன்.